அப்பா கல்லறைக் கல்லுக்கு வசனம்

வின்னிபெக்
பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கவரைப் பிரித்ததும் புது வருஷத்துக்கு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைதான் முதலில் விழுந்தது. 'பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்', ஏசாயா 41:10. எனக்காக நீயே தட்டில் கைவிட்டு எடுத்தாயாம். அதைப் பார்த்துச் சந்தோஷம் வரவில்லை அம்மா, கோபம்தான் வந்தது, அதனால்தான் உடனே எழுதவில்லை. போன வருஷம் முழு இரவு ஆராதனையில் அப்பாவுக்கு வந்த அட்டை ஞாபகம் இருக்கிறதா? 'நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி'. மார்ச்சில் அவரைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தீர்கள். நான் இங்கே போனில் பார்த்துக்கொண்டிருந்தேன், படம் நின்று நின்று வந்தது. டிக்கெட் கிடைக்கவில்லை என்று அக்காவிடம் சொன்னேன், அதை விடு.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். குளிர் மைனஸ் முப்பது வரை போனது. ராத்திரியில் மாட்டைக் கட்டுகிற மாதிரி காரை வயரில் கட்டி கரண்டில் சொருகி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் இன்ஜின் அசையாது. மச்சானிடம் சொன்னால் நம்ப மாட்டார். வேலை நன்றாகப் போகிறது, இப்போது ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்க்கிறேன், பொழுது போகட்டும் என்றுதான். கறிவேப்பிலை இல்லாத ரசம் பழகிவிட்டது.

சர்ச்சுக்குப் போகிறாயா என்று கேட்டிருக்கிறாய். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், நாலு மாதமாகப் போகவில்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் சுவரோடு பேசுகிற மாதிரி இருந்தது. சங்கீதம் 88-ஐ மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும், இது இருட்டிலேயே முடிகிறது. அதையும் கழித்துவிடாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்களே, அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

எதிர்வீட்டு உக்ரைன் பாட்டியைப் பற்றிச் சொன்னேனே, விடியற்காலையில் என் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டு, பிறகு என்னைத் திட்டுகிறவள். அவள் முன்னோர் 1890-களில் இந்தப் பக்கம் வந்தவர்கள். நீ எப்படிக் கிறிஸ்தவன் என்று ஒருநாள் கேட்டாள். அமெரிக்க மிஷன்காரர்கள் 1834-ல் மதுரைக்கு வந்த கதையை, பசுமலை, அமெரிக்கன் காலேஜ் எல்லாம் சேர்த்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, ஜனவரி ஆறாம் தேதி சாப்பிட வா" என்றாள்.

இவர்களுக்குப் பழைய காலண்டர், 13 நாள் பின்னால், கிறிஸ்துமஸ் ஜனவரி 7. முந்தின ராத்திரி பன்னிரண்டு பதார்த்தம், ஒன்றிலும் கறி கிடையாது. முதலில் வேகவைத்த கோதுமையில் தேனும் கசகசாவும் போட்டுக் குத்யா என்று ஒன்று, வெல்லம் தீர்ந்துபோன வீட்டுப் பொங்கல் மாதிரி. அப்புறம் உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை, எனக்கு உப்புப் பற்றவில்லை. மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக இருந்தது, பக்கத்தில் கரண்டி, டம்ளர் எல்லாம். இன்னும் யாரோ வர வேண்டும் போல என்று நான் சாப்பிடாமல் காத்திருந்தேன். அது இறந்துபோனவர்களுக்காம். பாட்டி தன் புருஷன் பெயரைச் சொன்னாள், பிறகு என் பக்கம் திரும்பி, உன் அப்பா பெயர் என்ன என்றாள். சொன்னேன். அவள் வாயில் நுழையவில்லை, இரண்டு தடவை தப்பாகச் சொல்லிவிட்டு, அந்தத் தட்டில் ஒரு கரண்டி கோதுமை வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறரை. மதுரையில் மறுநாள் காலை ஆறு, நீ பாயை விரித்து முழங்காலில் நிற்கிற நேரம்.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லை, சாட்சி சொல்கிறவர்கள் சொல்கிற மாதிரி உடம்பு சிலிர்க்கவும் இல்லை. அப்பா ஏன் போனார் என்பதற்குப் பதிலும் வரவில்லை. ஆனால் பத்து மாதமாக நான் யாரோடு பேசாமல் இருந்தேனோ அவர் அந்த மேஜையில்தான் இருந்தார் என்று பட்டது. மறுநாளே மறுபடி சந்தேகம் வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா சண்டே ஸ்கூலில் எலியா தீர்க்கதரிசி கதை சொல்வாரே. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவனுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான், தின்றான், தூங்கினான், தூதன் மறுபடி எழுப்பித் தின்னச் சொன்னான், ஓரேப் மலையில் தேவன் மெல்லிய சத்தத்தில் பேசியது அதற்குப் பிறகுதான். நாங்கள் அடை என்றால் நீ சுடுகிற அடை என்று நினைத்து, தொட்டுக்கொள்ள அவியல் உண்டா என்று கேட்போம். அவரும் முகம் மாறாமல் உண்டு என்பார். உன் அடையைத் தின்று மூன்று வருஷம் ஆகிறது அம்மா. முருங்கைக்கீரை போட்டு, நடுவில் குழி வைத்து எண்ணெய் விட்டு... இங்கே பருப்பை ஊறப்போட்டு அரைத்துப் பார்த்தேன், மிக்ஸி சூடாகி நின்றுவிட்டது, பாதி அரைந்த மாவை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சரி, போதும்.

கல்லு விஷயம். அந்த நீடித்த நாட்கள் வசனத்தை வெட்டக் கூடாது என்று போனில் கத்தினேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. உனக்கு அதுதான் வேண்டும் என்றால் அதையே வெட்டச் சொல். எனக்கு இன்னும் அது புரியவில்லை. ஆனால் பாதியில் நிறுத்த வேண்டாம், 'என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்' என்பது வரைக்கும் வரட்டும். கல்லுக்காரன் எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்பான், பார்க்காதே. பணம் மார்ச் முதல் வாரம் அனுப்புகிறேன், இந்த மாதம் பேங்கில் ஏதோ கோளாறு. அதுவரை மச்சானைக் கொடுக்கச் சொல், அக்காவுக்குத் தெரிய வேண்டாம். திருமங்கலம் இடத்துப் பட்டாவுக்கு என் கையெழுத்து வேண்டுமா என்றும் அவரையே கேட்டு எழுதச் சொல்.

இன்னொன்று. அப்பா பிறந்த வருஷம் ஸ்கூல் சர்ட்டிபிகேட்டில் 1951 என்று இருக்கும், அது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டது. ஞானஸ்நானப் பதிவேட்டில் 1953 என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். போதகர் ஐயாவிடம் சொல்லிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கல்லுக்காரனிடம் கொடு, வெட்டிய பிறகு மாற்ற முடியாது.

உன் மகன்