அண்ணா, கதவைச் சரிசெய்துவிட்டேன்

அண்ணா,

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்குள் முடிக்க நினைத்தேன். நான்கு நாள் தள்ளிப்போய்விட்டது. வண்டி யாருக்கு என்ற பேச்சை இங்கே எடுக்கப்போவதில்லை. நம் வீட்டார் சிலரும் இதைப் படிப்பார்கள்.

அப்பாவின் வண்டிக் கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்க விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். மேல் கீல் கடகடவென்று ஆடியது. கீல் பொருந்தியிருக்கும் வண்டித் தூண் அசையவில்லை, நல்லவேளை; அது துருவேறி அசைந்திருந்தால் வெல்டிங் வரை போயிருக்கும். தேய்ந்தது கீலின் ஊசியும் அதைச் சுற்றியிருந்த புஷ் என்ற சிறு வெண்கலக் குழாயும்தான். ஊசியில் நகத்தால் தடவினாலே தெரிகிற பள்ளம். எல்லாம் சேர்த்து அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். கீல்களுக்கு இடையே 30 செ.மீ., கதவின் நீளம் 90 செ.மீ. என்றால், அந்த அரை மில்லிமீட்டர் பூட்டுப் பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் தொங்கலாகிவிடும். "தூக்கிச் சாத்து, தூக்கிச் சாத்து" என்று அப்பா ஆயுள் முழுக்கச் சொன்னது இதற்குத்தான்.

பல வருடம் முன்பு நீ என்ன செய்தாய்? கீலைத் தொடவே இல்லை. பூட்டு மாட்டும் தகட்டின் திருகைத் தளர்த்தி, தகட்டைக் கீழே இறக்கினாய். தொங்கியது கதவு, இறங்கியது தகடு. உன் வழக்கமே அதுதான் என்று பல வருடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அன்று மதியம் நீ அதை எதற்குச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். கீழ்க் கீலில் மரக்கட்டையைச் செருகிக் கதவை அழுத்தினால் தொங்கல் நிமிரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அழுத்தியவன் நான். கதவு நிமிரவில்லை, கீலை ஒட்டித் தகரம் மடிந்தது, கதவு சாத்தவே மறுத்தது. நீ ஓடி வந்து திருப்புளியை எடுத்தாய். அப்பா வந்தபோது திருப்புளி உன் கையில். மடிப்பைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், வண்டிச் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. நீ காலால் கட்டையை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டாய்.

எனக்கு அப்போது 14 வயது. 15 வயதிலும் சொல்லவில்லை, 40 வயதிலும் சொல்லவில்லை. சொல்ல நினைத்த போதெல்லாம் நீ வெளியூரில் இருந்தாய் என்பது உண்மைதான், ஆனால் போன் இருந்தது. மன்னித்துவிடு. அதே சமயம், நீ அன்றே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஓர் அறையோடு தீர்ந்திருக்கும். இத்தனை வருடம் உனக்குக் கடன்பட்டவனாக என்னை உட்காரவைத்தாயே, அது மட்டும் நியாயமா?

கடைசி மாதங்களில் அந்தக் கதவைத் தூக்கிப் பிடித்து அப்பாவை ஏற்றி இறக்கியது யார் என்று ஒரு பத்தி எழுதினேன். அழித்துவிட்டேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. கழற்றும் முன் கீலைச் சுற்றிக் கோடு கீறினேன். துணி சுற்றிய பலகையை வைத்து ஜாக்கால் கதவைத் தாங்கினேன். ஊசி அசைய மறுத்தது. மூன்று நாள் எண்ணெய் விட்டு, கொஞ்சம் சூடு காட்டிய பிறகுதான் வந்தது. துளை முட்டை வடிவமாகியிருந்ததால் ரீமர் போட்டு வட்டமாக்கி, லேத்தில் சற்றே தடித்த ஊசி கடைந்து, புது புஷ் அடித்தேன். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பார்த்துக் கீல்களின் திருகுகளை முறுக்கிய பிறகே தகட்டுக்கு வந்தேன். நீ இறக்குவதற்கு முன் அது இருந்த இடம் பழைய பெயிண்டில் அச்சாகவே பதிந்திருந்தது. அங்கேயே ஏற்றினேன். பூட்டு ஒரே சத்தத்தில் விழுந்தது.

மடிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பெயிண்ட் அடிப்பவர் தட்டி எடுத்துவிடலாம் என்கிறார். உன் பதில் வரும் வரை அந்தக் கதவைத் தொட வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.