சந்தைக் கழிப்பறையைத் திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய உழவர் சந்தை நிர்வாக அலுவலர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் உங்கள் பொறுப்பில் இருக்கும் ஓர் உழவர் சந்தையின் கழிப்பறை பற்றி எழுதுகிறேன். எந்தச் சந்தை என்று பெயர் போடவில்லை, உங்களுக்கே தெரியும். அந்தப் பூட்டு எத்தனை நாளாகத் தொங்குகிறது, சாவி யாரிடம் இருக்கிறது, அங்கே கடை போடும் பெண்கள் எத்தனை தடவை வந்து கேட்டார்கள் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் கோபிசெட்டிபாளையத்துக்காரி. எந்த ஊருக்குப் போனாலும் விடிந்ததும் அந்த ஊர்ச் சந்தைக்குப் போய்விடுவேன். அங்கே என்ன விளைகிறது, யார் விளைவிக்கிறார்கள் என்று பார்த்தால்தான் அந்த ஊருக்குப் போன மாதிரி இருக்கும் எனக்கு. கேத்தி பாலாடா பக்கம் மிஷினில் கழுவி, மூட்டை பிடித்து, மேட்டுப்பாளையம் மண்டி வழியாக எங்கள் ஊருக்கு வரும் கேரட்டையும் சாப்பிடுகிறேன். முந்தின நாள் சாயங்காலம் பிடுங்கி, தழையும் மண்ணுமாக உங்கள் சந்தையில் வைத்திருக்கும் கேரட்டின் ருசி வேறு. மேரக்காய், நூல்கோல், மரத்தக்காளி என்று பை நிறைய வாங்கிக்கொண்டுதான் மலை இறங்குவேன்.

போன மே மாதம் வந்தபோதே அந்தக் கதவு பூட்டியிருந்தது. இந்த ஜனவரியில் வந்தேன். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. காலை ஆறரை மணி இருக்கும். நான் வழக்கமாக வாங்கும் அம்மா ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு பீட்ரூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். விரல்கள் வெடித்து, வெடிப்பில் செம்மண் ஏறியிருந்தது. குளிருக்கு ஆகட்டுமே என்று அவருக்கும் சேர்த்து ஒரு டீ வாங்கிக்கொண்டு போனேன். டம்ளரைக் கையில் வாங்கினார். இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துச் சூட்டை வாங்கிக்கொண்டார். அப்புறம் அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம்மா. குடிச்சா எங்க போறது?"

மூன்று மணிக்கு எழுந்து, ஹட்டியிலிருந்து, அதாவது அவருடைய மலைக் கிராமத்திலிருந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறார். வியாபாரம் முடிந்து வீடு சேர மதியம் ஆகிவிடும். அதுவரைக்கும் ஒரு வாய் தண்ணீர் கிடையாது. முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டதோடு தண்ணீரை நிறுத்திவிடுகிறாராம். இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். "டாக்டர் நிறைய தண்ணி குடிங்கறாரு. அவருக்கென்ன, சொல்லிட்டாரு" என்றார். பக்கத்துக் கடைப் பெண் தலையைக் குனிந்துகொண்டு பட்டாணியை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இதே கதைதான் என்று புரிந்தது.

சந்தை அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "டூரிஸ்ட்டுக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டணக் கழிப்பறை இருக்குங்க மேடம்" என்றார். நான் எனக்காகக் கேட்பதாக நினைத்துவிட்டார். காலையில் வந்து மதியம் போகிற எனக்கு வழி சொல்ல உங்களிடம் ஆள் இருக்கிறது. வருடம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லையா? தராசையும் காயையும் விட்டுவிட்டு அவர் எப்படி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்வருவார்? ஒரு தடவை போய்வந்தால் ஒரு கட்டு கொத்தமல்லி விற்ற காசு போய்விடும்.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே நேரில் விற்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அடையாள அட்டை கொடுத்தீர்கள், தராசு கொடுத்தீர்கள், கடைக்கு வாடகை வேண்டாம் என்றீர்கள். நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் நேரில் வந்து விற்கச் சொன்னால் வருகிற ஆளுக்கு உடம்பு என்று ஒன்று இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா?

நீங்கள் மனசு வைத்தால் மலையில் நடக்காதது எதுவும் இல்லை. நாங்கள் மேலே ஏற 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்கிறோம். கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வைத்துவிடுகிறார்கள். சரி, மலைக்கு நல்லது, கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். வருடாவருடம் மே மாதம் கோடை விழா. ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி. கேரட்டையும் முள்ளங்கியையும் கொண்டு பெரிய பெரிய உருவங்கள் செய்து வைக்கிறீர்கள். நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நின்று போட்டோ எடுத்திருக்கிறேன். இனிமேல் அதன் முன்னால் நிற்க எனக்கு மனசு வராது. அந்தக் காயை விளைவித்த பெண் ஒரு டீயைக் குடிக்கப் பயந்து திருப்பிக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது புதுக் கட்டடம் அல்ல. கட்டடம் இருக்கிறது, குழாயும் இருக்கிறது. அந்தப் பூட்டை எடுத்துவிடுங்கள். முதல் பஸ் வந்து சேரும் நேரத்திலேயே கழிப்பறை திறந்திருக்கட்டும், சாவி வைத்திருப்பவர் பத்து மணிக்கு வருகிற வழக்கம் வேண்டாம். தண்ணீர் விடவும் கழுவவும் ஒரு ஆள் போடுங்கள். கடைக்காரப் பெண்களிடம் அதற்குக் காசு வாங்க வேண்டாம் என்றும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மே மாதம் மறுபடியும் வருவேன். அந்த அம்மா கடைக்குப் போகும்போது இரண்டு டீ வாங்கிக்கொண்டு போவேன். அதற்குள் கதவைத் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
வருடாவருடம் மலையேறி வந்து உங்கள் சந்தையில் காய் வாங்கிப்போகும் ஒருத்தி,
கோபிசெட்டிபாளையம்