மங்கம்மாவுக்காக ஓடியவர்களுக்கு

மதுரை ஒத்தக்கடையிலும், வைகை ஆற்றுக்குத் தெற்கேயும், நாமக்கல்லிலும் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆளுக்கொரு கடிதமாக எழுதத்தான் நினைத்தேன். தீபாவளித் தையல் தலைக்கு மேல் கிடக்கிறது, அதனால் ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். பெயர் யாருடையதும் போடவில்லை. போட்டால் பாதிப் பேர் கூச்சப்படுவீர்கள், மீதிப் பேர் "ஒரு கோழிக்குப் போய் என் பேரையா எழுதின?" என்று சண்டைக்கு வருவீர்கள். அவரவர் பங்கைப் படித்ததும் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

மங்கம்மா எங்கள் வீட்டு வெள்ளைக் கோழி. நாட்டுக்கோழி இல்லை, லேயர். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் முட்டைக்கென்றே வளர்க்கிற ரகம். ஐந்து மாத வாக்கில் முட்டையிட ஆரம்பித்தால் வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். 72, 80 வாரம் ஆகி முட்டை குறைந்ததும் கழித்துக் கறிக்கு அனுப்பிவிடுவார்கள். லோடு வண்டி ஓட்டும் என் கொழுந்தனார் அப்படிக் கழித்த கோழி ஒன்றைக் கொண்டுவந்து, "குழம்புக்கு ஆகும் மதினி" என்று திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அலகு நுனி வெட்டியிருந்தது, கழுத்தில் இறகே கிடையாது. கூண்டுக் கம்பியைத் தவிர வேறெதிலும் நின்றதில்லை போல. வாசல் மண்ணில் விட்டதும் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. சாயங்காலத்துக்குள் கிளறக் கற்றுக்கொண்டது. அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்புதான் வைத்தேன்.

எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதுண்டு. இதிலென்ன நியாயம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கேளுங்கள், தப்பில்லை.

முதல் நன்றி பின் தெரு அப்பத்தாவுக்கு. போன மார்கழியில் மங்கம்மா தோல் முட்டையாக இட ஆரம்பித்தது. அப்புறம் ஒரு நாள் முட்டை அளவில் கெட்டியாக ஒன்றைப் போட்டது. ஓடு கிடையாது. அறுத்துப் பார்த்தால் உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாக அடுக்கடுக்காக, கெட்ட வாடை. அப்பத்தா அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டு, "முட்டைப் பை சீப்பிடிச்சுப் போச்சுடி. இது கை வைத்தியத்துக்கு நிக்காது, டாக்டருகிட்ட தூக்கிட்டுப் போ" என்றார். எண்பது வயது தாண்டியவர், கோழிச் சீக்கு எல்லாவற்றுக்கும் சின்ன வெங்காயமும் மஞ்சளும் வைத்திருப்பவர், தன் வைத்தியம் இதற்கு ஆகாது என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னாரே, அதற்குத்தான் இந்த நன்றி. டாக்டரும் பின்னால் அதையேதான் சொன்னார், கொஞ்சம் நீளமாக.

அந்த டாக்டரைக் கண்டுபிடிப்பதற்குள் ஓர் இடத்தில் நாய், பூனை மட்டும்தான் என்றார்கள். இன்னோர் இடத்தில், நூறு ரூபாய்க் கோழிக்கு இவ்வளவு செலவா என்று சிரித்தார்கள். சரி, விடுங்கள்.

ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. மங்கம்மாவைத் தூக்கியதும் வயிற்றைப் பார்க்காமல் நெஞ்சைத்தான் முதலில் தடவினார். நெஞ்செலும்பு கத்திமுனையாகத் துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சதையே இல்லை. கீழே வயிறு மட்டும் நீர் கோத்துத் தளதளவென்று தொங்கியது. "எடை கூடியிருக்குன்னு சந்தோஷப்பட்டிருப்பீங்க. கூடினது தண்ணி, கரைஞ்சது கோழி" என்றார். பிறகு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். பெட்டைக்கோழிக்கு இடப்பக்கத்துச் சினைப்பையும் கருக்குழாயும் மட்டும்தான் வேலை செய்யும். மஞ்சள் கரு முதிர்ந்து விழும்போது குழாயின் வாய் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து முட்டையாக வெளியே வர 24 முதல் 26 மணி நேரம். அதில் 20 மணி நேரம்போல ஓடு பூசவே போய்விடும். குழாய் புண்ணாகி அடைத்துக்கொண்டால் மஞ்சள் கரு வயிற்றுக்குள்ளேயே விழும். அங்கே கிருமி சேர்ந்தால் வயிறு அழன்று நீர் சேரும். காட்டுக்கோழி வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, அடைகாக்க வேண்டிய முட்டை மட்டும்தான் இடும், நாம்தான் இதைத் தினமும் இடுகிற மாதிரி ஆக்கி வைத்திருக்கிறோம் என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் ஏறியது.

இது முழுசாகக் குணமாகாது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டார். குழாயை அறுத்தெடுக்கும் ஆபரேஷன் உண்டு, ஆனால் இருக்கிற உடம்புக்குத் தாங்காது. முட்டையை நிறுத்த டெஸ்லோரெலின் என்று தோலுக்கடியில் வைக்கும் மருந்தை வெளிநாடுகளில் பயன்படுத்துகிறார்கள், அது நம் கைக்கு எட்டவில்லை. நீர் சேரச் சேர எடுத்து, வலியைக் குறைத்து, இருக்கிற வரைக்கும் சிரமமில்லாமல் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். "முடியுமா உங்களால?" என்று அவர் கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. என்னால் மட்டும் முடிந்திருக்காது. இந்த மடலே அதற்காகத்தான்.

மாடியில் குடியிருந்து விவசாயக் கல்லூரியில் படித்த பாப்பாவுக்கு அடுத்த நன்றி. நீர் எடுக்கும்போது கோழியைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சுக்கு உதவும் உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. நெஞ்சு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பயந்துபோய் நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் நம் கையிலேயே மூச்சு முட்டிவிடும். மல்லாக்கப் போட்டாலும் வயிற்று நீர் மூச்சுப் பைகளை அமுக்கும். என் வீட்டுக்காரர் இரண்டையும் கேட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றுவிட்டார். பாப்பாதான் ஒரு கையைக் காலுக்கடியில் கொடுத்து, மறுகையால் இறக்கைகளை மட்டும் அணைத்து, நிமிர்ந்தவாக்கில் பிடித்தாள். டாக்டர் அம்மா வலப்பக்கம் நாலு இறகைப் பிடுங்கிவிட்டு ஊசியை இறக்கினார். வைக்கோல் நிறத்தில் வந்தது, நடுநடுவே மஞ்சள் துணுக்குகள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுத்தால் உடம்பு தாங்காதாம், அதனால் கொஞ்சம் எடுத்து, நிறுத்தி, மறுபடி கொஞ்சம். அவ்வளவு நேரமும் பாப்பாவின் கை அசையவில்லை. மங்கம்மா அவளுடைய கைக்கடிகாரத்தைக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. பாப்பா, பரீட்சை வாரத்திலும் மருந்து வேளை தவறாமல் இறங்கி வந்தாயே, உன் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்கிறேன். இப்போது தெரிந்திருக்கும்.

அந்த நீரில் கொஞ்சம் எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்க டாக்டர் அம்மா நாமக்கல்லில் தனக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார். ஐஸ் போட்ட டப்பாவை ஆரப்பாளையத்தில் வாங்கி, தன் சீட்டுக்குப் பின்னால் வெயில் படாமல் வைத்துக்கொண்டு போன பஸ் டிரைவர் அண்ணனுக்கு நன்றி. உள்ளே என்ன என்று கேட்டபோது உண்மையைத்தான் சொன்னேன். கண்டக்டரிடம் திரும்பி, "நாமக்கல்லுக்கே கோழித் தண்ணியா?" என்றார். அவ்வளவுதான், டப்பா பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பரிசோதனை செய்து கொடுத்தவர்களின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஈ.கோலை கிருமி, வழக்கமான மருந்துகளில் பலவற்றுக்கு மசியாது, கேட்கிற மருந்து இது என்று அவர்கள் எழுதி அனுப்பாவிட்டால் இருட்டில்தான் ஊசி போட்டுக்கொண்டிருப்போம். மருந்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே நாலு பேர் தங்கள் கோழிக்கு வாங்கிக் கொடுப்பார்கள்.

தீவனக் கடை அண்ணாச்சிக்கு இதையொட்டியே ஒரு நன்றி. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் உங்களிடம்தான் வந்து, பண்ணைக்காரர்கள் தண்ணீரில் கலந்து கொடுக்கிற பவுடர் ஏதாவது கொடுங்கள் என்றேன். டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றீர்கள். அதோடு, மனுஷனுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கோழிக்குக் கொட்டிக் கொட்டித்தான் 2019ல் அரசாங்கமே தடை போட்டது என்று கடை வாசலில் நிற்க வைத்து ஒரு பாடம் வேறு. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது, மறைக்கவில்லை. பிறகு, முட்டை நின்ற கோழிக்கு லேயர் தீவனத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்துக்குப் பாரம் என்று டாக்டர் சொன்னதும், வளரும் கோழிக்கான தீவனத்தை மூட்டையைப் பிரித்துச் சில்லறையாகக் கொடுத்தீர்கள். எல்லாக் கடையிலும் அப்படிப் பிரித்துத் தரமாட்டார்கள்.

காய்கறிக் கடை அக்கா, உங்கள் தராசுக்கும் ஒரு கும்பிடு. வாரா வாரம் கடை கட்டுகிற நேரத்தில் மஞ்சப்பையில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மங்கம்மா அதில் உட்காரும். எடை ஏறினால் நீர் சேர்கிறது என்று எங்களுக்கு அர்த்தம். நீங்கள் ஒன்றரைக் கிலோ என்று சத்தமாகச் சொல்ல, வாங்க வந்தவர் யாரோ கிலோ என்ன விலை என்று கேட்க, "அது விக்கிறதுக்கு இல்ல, ஆஸ்பத்திரிக் கேசு" என்று நீங்கள் விரட்டியதை இந்தத் தெருவே சொல்லிச் சிரிக்கிறது.

எதிர் வீட்டு மாமாவுக்கு நான் அதிகமாகக் கடன்பட்டிருக்கிறேன், அது அவருக்கே தெரியாது. வெளிச்சம்தான் கோழியை முட்டையிட வைக்கிறது. பண்ணையில் விளக்குப் போட்டு 16 மணி நேரம் பகலாக்கி வைப்பது அதற்காகத்தான். கோழி கண்ணை மூடிக்கொண்டாலும் மண்டை ஓடு வழியாகவே வெளிச்சம் மூளைக்குத் தெரியுமாம். நம் மதுரையில் பகல் எந்த மாதத்திலும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும், குளிர்காலம் வந்து முட்டையை நிறுத்திவிடாது. அதனால் அஞ்சு மணிக்கெல்லாம் கூட்டைச் சாக்குப் போட்டு மூடிப் பொழுதைக் குறைக்கச் சொன்னார் டாக்டர் அம்மா. மூடினேன். ஆனால் மாமா வீட்டு வாசலில் புதிதாக மாட்டிய எல்இடி விளக்கு விடிய விடிய எங்கள் கூட்டு மேல்தான் அடிக்கும். திருட்டுப் பயத்துக்காக மாட்டிய விளக்கை ஒரு கோழிக்காக அணைக்கச் சொல்லி எந்த வாயால் கேட்பது? என் மகன் போய்க் கேட்டுவிட்டான். மாமா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, விளக்கைக் கழற்றித் தெருப் பக்கமாகத் திருப்பி மாட்டச் சொல்லிவிட்டு, கூலியையும் தானே கொடுத்துவிட்டார். "சத்தம் போடாம தூங்கட்டும், சனியன்" என்றாராம். ஆவணியில் இறகு உதிர்த்ததோடு மங்கம்மா முட்டையை நிறுத்தியது. இதுவரை மறுபடி இடவில்லை.

ஆட்டோ அண்ணனுக்கு வருகிறேன். சித்திரைத் திருவிழாவில், ஆற்றில் இறங்க வருகிற அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்றைக்கு ராத்திரிதான் மங்கம்மாவுக்கு மூச்சு முட்டியது. கோழிக்கு இயல்பான சூடே 41, 42 டிகிரி. வேர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். வயிறு முழுக்க நீரை வைத்துக்கொண்டு எங்கே இரைப்பது? கொண்டை நீலம் பாரித்துவிட்டது. புதூர், தல்லாகுளம், கோரிப்பாளையம் எல்லாம் ஜனக்கடல். அழகரைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பி நின்ற அண்ணன், பிள்ளைகளை இறக்கிவிட்டு எங்களை ஏற்றினார். உத்தங்குடியில் ரிங் ரோட்டைப் பிடித்து, விரகனூர் வழியாக ஆற்றைத் தாண்டி, ஊரைச் சுற்றிக் கொண்டுபோய் விட்டார். டாக்டர் அம்மா ஷட்டரைத் தூக்கி வைத்துக் காத்திருந்தார். நீர் எடுத்து முடியும் வரை அண்ணன் வெளியிலேயே நின்றார். திரும்பும்போது மங்கம்மா மெதுவாகக் கொக்கரித்ததும், "இதுக்கு அழகர் ஆத்துல எறங்குறதுக்குள்ள ஊரு போகணுமாம்" என்று வண்டியை முறுக்கினார். அண்ணி, அன்றைக்குப் பிள்ளைகள் எதிர்சேவை பார்க்க முடியாமல் போனதற்கு என் மேல் கோபம் இருந்தால் அது நியாயம்தான். அண்ணன் மேல் வேண்டாம்.

இப்போது மங்கம்மா எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு: புது இறகு வந்துவிட்டது, கொண்டை வெளிர் சிவப்பு. நீர் இன்னும் சேருகிறது, முன்னைவிட மெதுவாக. வலிக்கு மருந்து தொடர்கிறது. காலையில் கறிவேப்பிலை மரத்தடியில் மண்குளியல், மத்தியானம் தையல் மெஷின் மிதிக்கு அடியில் தூக்கம். இன்னும் எத்தனை நாளைக்கு என்று டாக்டர் அம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பத்தா, உங்கள் பஞ்சாரம் என்னிடம்தான் இருக்கிறது, பொங்கலுக்குள் கொடுத்துவிடுகிறேன். பிரிக்காத ஊசிச் சிரிஞ்சுகள் கொஞ்சம் மிச்சம் உண்டு. டாக்டர் சீட்டோடு வருகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஆட்டோ அண்ணனுக்கு ஒரு விஷயம்: உங்கள் சின்ன மகளுக்குப் பாவாடை சட்டை தைத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு வாடகையை வாங்காமல் போனதுபோல இதையும் வாங்காமல் போனால், அடுத்த தடவை மங்கம்மாவை ஷேர் ஆட்டோவில்தான் கூட்டிப் போவேன்.

இப்படிக்கு,
மங்கம்மா வீட்டுத் தையல்காரி,
ஒத்தக்கடை