தம்பிக்கு, ஒரு டிக் விழுந்தாலும் பரவால்ல

தம்பி,

சாப்டியா? உன் நம்பருக்கு ஒரு டிக் தான் விழுதுன்னு அக்கா சொன்னா, பரவால்ல, எப்ப நெட் ஆன் பண்றியோ அப்ப படி, அவசரம் ஒண்ணும் இல்ல. இங்க எல்லாரும் சுகம். அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. திசையன்விளை பெரியப்பா மறுபடியும் அந்த நெலத்து விஷயமா ஃபோன் பண்ணாங்க, நான் எடுக்கல. உன் ரூம்ல இருந்த அந்த தம்பிகிட்ட அக்கா எதுக்கோ பேசுனாளாம், அத பத்தி நான் ஒண்ணும் கேக்கல.

நான் எழுத வந்தது சபை விஷயம். ராத்திரி எக்மோர் பக்கம் பிளாட்பாரத்துல படுத்துருக்கவங்கள பாக்கப் போற டீம்ல என்னையும் சேத்துட்டாங்கன்னு சொன்னேன்ல, ரிட்டயர்டு நர்சு வீட்ல சும்மா தான இருக்குன்னு செயலாளர் அண்ணன் நெனச்சிட்டாரு போல. மொதல்ல எப்படி இருந்துச்சுன்னா ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஒரு வேன் நெறைய பிரியாணி பொட்டலம், முன்னாடி சபை பேர் போட்ட பேனர், வாலிபர் சங்கத்து பசங்க ஃபோட்டோ எடுக்க. ஒரு பெரியவர் பொட்டலத்த வாங்கிட்டு துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டாரு. என்ன தாத்தான்னு கேட்டா, ஊர்ல பேத்தி ஃபோன் வச்சிருக்கும்மா, பாத்துரும்னாரு. அடுத்த கமிட்டில நான் போட்ட சத்தத்துல பேனரும் போச்சு ஃபோட்டோவும் போச்சு. உங்கப்பா வீட்டுக்கு வந்து, உனக்கு வாய் நீளம்னாரு. இருந்துட்டு போகட்டும்.

அப்புறம் தான் தெரிஞ்சது, ஞாயித்துக்கிழமை அங்க சாப்பாட்டுக்கு பஞ்சமே இல்ல. வேற சபைக்காரங்க, டிரஸ்டுக்காரங்க, பொறந்தநாள் கொண்டாடுறவங்கன்னு எல்லாரும் அன்னைக்கே வந்து குடுத்து மிச்சம் நாய்க்கு போகுது, செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு ஆள் கிடையாது. அதனால நாங்க நாள மாத்திக்கிட்டோம். பகல்ல எப்படியோ சமாளிக்கிறாங்க, அம்மா உணவகம் 2013லேர்ந்து இருக்கு, இட்லி 1 ரூபா, சாம்பார் சாதம் 5 ரூபா, தயிர் சாதம் 3 ரூபா. பெங்களூர்லயும் இந்திரா கேண்டீன்னு இருக்காம்ல, காலைல டிபன் 5 ரூபாய்க்கும் சாப்பாடு 10 ரூபாய்க்கும் ஆரம்பிச்சாங்களாம், இப்ப என்ன வெலன்னு தெரியல. சும்மா சொன்னேன், தெரிஞ்சிக்கிட்டா நல்லது தான.

எங்க டீமுக்கு ஒரு சட்டம் இருக்கு, ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தங்க போட்டது. மொத நாள் கேள்வி கேக்கக் கூடாது. ஏன் வீட்ட விட்டு வந்த, புள்ளைங்க இல்லியா, குடிப்பியா, இதெல்லாம் வாயத் தொறக்கக் கூடாது. பேரு என்ன, சாப்டியா, ஒடம்புக்கு என்ன, அவ்ளோதான். அடுத்த வாரம் போறப்ப அந்த பேரு ஞாபகம் இருக்கணும், இல்லன்னா போகவே வேண்டாம்பாங்க. ஜெபம் பண்ணவான்னு கூட மொத நாள் கேக்கக் கூடாதாம், அதுக்கு நம்ம சபை போதகர் ஐயருக்கே கொஞ்சம் வருத்தம்.

எனக்கு வேலை கால்ல தான். பாதிப் பேருக்கு சுகர் இருக்கும், செருப்பு இருக்காது, சின்ன வெட்டு புண்ணாயி நாத்தமடிக்கும். புழு வச்ச புண்ணுக்கு டர்பன்டைன் ஆயில் போட்டு எடுக்குறத பாத்துட்டு ஒரு வாலிபர் சங்கத்து பையன் மயங்கிட்டான், அவன் தான் இப்ப எனக்கு அசிஸ்டெண்டு. பெரிய புண்ணுன்னா ஜிஎச் தான். ஆனா போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தா யாரும் போக மாட்டாங்க. கூட ஒரு ஆள் போயி, ஓபி சீட்டு வாங்கி, வரிசைல நின்னு, அட்மிட் பண்ணா ராத்திரி பக்கத்துல உக்காரணும். சபைல பணம் குடுக்க ஆயிரம் பேர், இந்த ராத்திரி உக்கார்றதுக்கு தான் ஆள் இல்ல. டிபி மாத்திரையும் அப்படித்தான், ஆறு மாசம் விடாம போடணும், மாத்திரை ஃப்ரீ, சத்தான சாப்பாட்டுக்குன்னு கவர்மெண்டு மாசம் 1000 ரூபா பேங்க்ல போடுது, 2024 நவம்பர் வரைக்கும் 500 தான் இருந்துச்சு. ஆனா அக்கவுண்டு வேணும், அக்கவுண்டுக்கு ஆதார் வேணும், ஆதார் இருந்த பைய குப்பை வண்டி அள்ளிட்டு போயிருக்கும்.

நீ ஒன் பேப்பரெல்லாம் பத்திரமா வச்சிருக்கியா? டிகிரி சர்டிஃபிகேட், ஆதார், ரெண்டையும் ஃபோட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பி வையி. இங்க நாங்க எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்து சர்ச்ல ஐயரோட அங்கி பீரோவுலயே வச்சிருக்கோம், சர்ச்ச பாத்துக்குற கோயில் பிள்ளை மொனங்குறாரு. ஓட்டர் ஐடி கூட வாங்கலாம் தெரியுமா, வீடு இல்லாதவங்களுக்கு அட்ரஸ் ப்ரூஃப் தேவையில்ல, ஃபார்ம் 6ல எங்க படுக்குறோம்னு எழுதுனா ஆபீசர் ராத்திரில வந்து, அதுவும் ஒரு ராத்திரிக்கு மேல வந்து, அங்க தான் படுக்குறாங்களான்னு பாத்துட்டு பேர சேக்கணும். இந்த விஷயம் மொதல்ல எங்க யாருக்குமே தெரியாம இருந்துச்சு, கமிட்டில இருக்குற வக்கீலுக்கு கூட.

ஷெல்டர் இருக்கு. ஒரு லட்சம் சனத்துக்கு ஒண்ணு வேணும், வருஷம் முழுக்க 24 மணி நேரமும் தொறந்து இருக்கணும்னு 2010லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. இங்க கார்ப்பரேஷன் ஷெல்டர் ஆம்பளைங்களுக்கு தனி, பொம்பளைங்களுக்கு தனி, பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல நோயாளி கூட வந்தவங்களுக்குன்னு தனி. கார்ப்பரேஷன் நம்பர் 1913க்கு ஃபோன் பண்ணா எங்க இருக்குன்னு சொல்லுவாங்க. ஆனா வாங்கன்னா வர மாட்டாங்க, அவங்களுக்கும் காரணம் இருக்கு, விடியக்காலம் கேட்டரிங்குக்கு ஆள் எடுக்குற எடம் இங்க தான், புருஷன் ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கம் படுக்க சொன்னா எப்படி. தூரத்துல கண்ணகி நகர்ல கவர்மெண்டு வீடு கெடச்சவங்க கூட வேலை இங்க இருக்குதுன்னு திரும்பி வந்துட்டாங்க. அதனால மொதல்ல பகல்ல கூட்டிட்டு போயி சும்மா காட்டுவோம், கக்கூஸ் இருக்கு, லாக்கர் இருக்கு பாருங்கன்னு. சில பேர் ரெண்டாவது தடவை வருவாங்க, சில பேர் வரவே மாட்டாங்க, விட்ரணும்.

தனக்குத்தானே பேசிக்கிட்டு இருக்கவங்க விஷயம் தான் கஷ்டம். இழுத்துட்டு போகக் கூடாது. 2017ல வந்த மனநல சட்டத்துல போலீசுக்கே அந்த பொறுப்பு இருக்கு, பாதுகாப்பா கூட்டிட்டு போயி 24 மணி நேரத்துக்குள்ள கவர்மெண்டு ஆஸ்பத்திரில காட்டணும், லாக்கப்ல வைக்கக் கூடாது. பொம்பளைங்கன்னா பேன்யன்னு ஒரு தொண்டு நிறுவனம் இருக்கு, மனநலம் பாதிச்சு ரோட்டுல இருக்கவங்களுக்காக 1993ல ரெண்டு சின்ன வயசுப் புள்ளைங்க ஆரம்பிச்சது. நம்ம சபை அன்னைக்கு என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னா, கோபுரத்துக்கு பெயிண்ட் அடிச்சிட்டு இருந்துச்சு.

டிசம்பர் வந்தா எல்லாரும் கம்பளி தூக்கிட்டு வந்துருவாங்க, மெட்ராஸ்ல எவனுக்குடா கம்பளி. மழைக்கு தார்பாய் வேணும், லுங்கி, ஜட்டி, சோப்பு, நாப்கின், குளிக்க ஒரு எடம். சனிக்கிழமை காலைல சர்ச் காம்பவுண்டு பாத்ரூம தொறந்து விடுங்கன்னு கேட்டேன், கமிட்டில இன்னும் ஓடிட்டு இருக்கு. கல்யாணத்துக்கு ஹால் புக் பண்ணவங்க சங்கடப்படுவாங்களாம். 2015 வெள்ளத்துல அதே ஹால்ல தான சனங்கள தங்க வச்சோம், நீ இடுப்பளவு தண்ணில பால் பாக்கெட் தலைல தூக்கிட்டு போன, ஐயரம்மா இன்னும் அத சொல்லிட்டு தான் இருக்காங்க. அன்னைக்கு யாரும் யாரையும் ஏன் இங்க வந்தன்னு கேக்கல. அவ்ளோ பண்ண புள்ள வீட்டுக்கு ஒரு ஃபோன் பண்றதுக்கு என்ன.

சரி விடு.

ஒரு பையன் இருக்கான் தம்பி, உன் வயசு தான் இருக்கும். சட்டைய இன் பண்ணி, முதுகுல லேப்டாப் பேக்கு, உள்ள லேப்டாப் கிடையாது, துணி தான். ஸ்டேஷன்ல ரயிலுக்கு காத்திருக்கவன் மாதிரியே உக்காந்திருப்பான், பொட்டலம் நீட்டுனா சாப்டேன் ஆன்ட்டிம்பான். இந்த மாதிரி ஆளு தான் யாரு கண்ணுலயும் படாதுன்னு டீச்சரம்மா சொன்னாங்க. பல வாரம் கழிச்சு, ஆன்ட்டி ஒரு கால் பண்ணிக்கவான்னு என் ஃபோன கேட்டான். பக்கத்துலயே நின்னு பேசுனான். ஆமாம்மா, ஆபீஸ்ல தான் இருக்கேன், இது ஃபிரண்டு நம்பரு, சாப்டேன், அடுத்த மாசம் வரேன். இவ்ளோதான். ஃபோன தொடச்சு குடுத்தான்.

அந்தம்மா திரும்பி என் நம்பருக்கு கூப்பிட்டா நான் என்ன சொல்லுவேன்னு அன்னைக்கு பூரா யோசிச்சேன். கூப்பிடல. டீச்சரம்மா சொன்னாங்க, அவன் சம்மதிக்காம நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு. அவங்களுக்கு புள்ளைங்க கிடையாது, அவங்க சொல்லுவாங்க.

நீ கடைசியா பேசுனப்ப பின்னாடி கன்னடத்துல ரயில் அறிவிப்பு ஓடிட்டு இருந்துச்சு. நீ ஆபீஸ் கேண்டீன்னு சொன்ன. நான் சரின்னுட்டேன்.

போன வாரம் ஐயர் பிரசங்கத்துக்கு லூக்கா 15 எடுத்துட்டாரு, வீட்ட விட்டுப் போன மகன் திரும்பி வர்ற கதை, உங்கப்பா பாதில எந்திரிச்சு வெளிய போயி பைக்க தொடச்சிட்டு நின்னாரு. வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்த பேசல, நானும் கேக்கல. வேலை போறது எல்லாருக்கும் நடக்குறது தான், உங்கப்பாவுக்கு மில்லு மூடுனப்ப நடந்தது உனக்கு தெரியும்ல. அக்கா கல்யாணக் கடன நெனச்சிட்டு இருக்காத, அத நாங்க பாத்துக்குறோம். சர்டிஃபிகேட்டு பத்திரம். கால பாத்துக்கோ, ஈர ஷூவோட இருக்காத.

மொத நாள் தான் கேள்வி கேக்கக் கூடாதுன்னு சட்டம். உனக்கும் எனக்கும் மொத நாள் முடிஞ்சு எவ்ளோ வருஷம் ஆச்சு, அதனால கேக்குறேன். ராத்திரி எங்க படுக்குற?

பதில் எழுத வேண்டாம். ஜிபே ல 2000 போட்டிருக்கேன். பெங்களூர்ல நம்ம தமிழ் சபை ஐயர் நம்பர் அக்கா தனியா அனுப்புவா, அவர்கிட்ட உன்ன பத்தி ஒண்ணும் சொல்லல, ஒருத்தர் வரலாம்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன். வீட்டுக்கு வர்றதுன்னா லால்பாக் ரயில்ல டிக்கெட் நான் போடுறேன், எந்த தேதின்னு மட்டும் அனுப்பு. அப்பாகிட்ட நீ ஒண்ணும் வெளக்க வேண்டாம், அவரு கேக்க மாட்டாரு, நான் பேசிட்டேன்.

அம்மா