நமக்கு நடுவே நாலு டிகிரி

அம்பாசமுத்திரம்
ஜூலை 14

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாலு நாளாகச் சாரல். துணி காயவில்லை. அப்பா மொட்டை மாடியில் கயிறு கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறார். பொதிகை முழுக்க மேகத்துக்குள் போய்விட்டது. நேற்று ராத்திரி நீ ஓசூரில் இருந்து போனில், உன் பூகோள வகுப்புகளைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு அவசரத்தில் ஏதோ பதில் சொல்லிவிட்டேன். படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. அதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

"காலையில் ஆறாம் வகுப்பு, அடுத்த பீரியடு பத்தாம் வகுப்பு, ஆள் இல்லாததால் மத்தியானம் ப்ளஸ் ஒன். எங்கே போனாலும் பூமி, மழை, வரைபடம்தான். சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம், பெரிய பிள்ளைகளுக்கு நிறைய, அவ்வளவுதானா அம்மா?" என்று கேட்டாய். இல்லை மக்களே. முதல் பத்து வருஷம் நானும் அப்படி நினைத்துத்தான் நடத்தினேன். அந்தப் பத்து வருஷத்துப் பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன். சுவரில் இந்தியப் படத்தை மாட்டிவிட்டு "வடக்கு எங்கே?" என்று கேட்டேன். விரலைக் கூரையைப் பார்த்து நீட்டினான். வகுப்பே சிரித்தது. நானும் உட்காரச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. 'மேலே வடக்கு, கீழே தெற்கு' என்று தினமும் சொன்னது நான்தானே? சொன்னதைத்தான் அவன் காட்டினான். அவனுக்கு முன்னால் படித்த பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரைக்கும் அந்தக் குழப்பம் போகவில்லை. நைல் நதி வடக்கே பாய்கிறது என்றால், "மேட்டுக்கு எப்படி டீச்சர் தண்ணி ஏறும்?" என்பார்கள். நம்ம பச்சையாறே களக்காட்டு மலையில் பிறந்து வடகிழக்காக ஓடித்தான் தாமிரபரணியில் சேர்கிறது. அந்த ஆற்றில் குளித்த பிள்ளைகள் கேட்ட கேள்வி அது.

மறுநாள் படத்தைக் கழற்றித் தரையில் விரித்தோம். காலை வெயிலை வைத்துக் கிழக்கைப் பிடித்து, படத்தின் கிழக்கை அந்தப் பக்கம் திருப்பினோம். அந்தப் பையன் காஷ்மீர்ப் பக்கம் போய் நின்று, வெளியே கை நீட்டி, "அப்போ வடக்கு தலைமை ஆசிரியர் ரூம் பக்கம்" என்றான். அவ்வளவுதான் விஷயம். ஆறாம் வகுப்புக்குப் பூகோளம் காலிலும் கையிலும் இருக்க வேண்டும். படத்தைச் சுவரில் மாட்டும் முன் பள்ளிக்கூடத்தைக் காலடியால் அளந்து வரையச் சொல். பத்து அடி வைத்தால் தாளில் ஒரு சென்டிமீட்டர். அளவை என்றால் என்ன என்று தனியாக விளக்கவே வேண்டியிருக்காது.

உன் வகுப்பில் தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றாயே, எனக்குக் கிடைக்காத கொடுப்பினை அது. ஓசூர் என்ற பேரே கன்னடத்தில் புது ஊர். நம்ம பக்கம் எத்தனை புதூர் இருக்கிறது, யோசித்துப் பார். நாம் ஏரி என்பதை ஒரு பிள்ளை கெரே என்பான், இன்னொருத்தி செருவு என்பாள். மூன்றையும் கரும்பலகையில் எழுதிவை. ஊர்ப் பேருக்குள் இருக்கும் ஏரியையும் மேட்டையும் பாறையையும் பிள்ளைகளே பொறுக்கி எடுப்பார்கள்.

ஏழு, எட்டு வந்தால் 'ஏன்' என்ற கேள்வி வந்துவிடும். அதைப் புத்தகத்தில் இருந்து தொடங்காதே. கிருஷ்ணகிரியில் இருந்து பஸ்ஸில் சூளகிரி தாண்டி ஏறும்போது காற்று மாறுவதை அந்தப் பிள்ளைகள் உடம்பால் அறிந்தவர்கள். ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கை அப்புறம் சொல்லலாம். நான் இங்கே மழை மறைவுப் பகுதி நடத்தும்போது, மேற்கே மாஞ்சோலையில் கொட்டுவதையும், அதே நாளில் தூத்துக்குடியில் வெறும் காற்றாக அடிப்பதையும் வைத்துத்தான் தொடங்குவேன். ஒரே காற்றுதான், மலை ஏறும்போது ஈரத்தை இறக்கிவிட்டு வருகிறது. அது புரிந்த பிள்ளைக்குச் சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்து ஆறு இன்னும் பெரிய பாடம். தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரு ஓரமாக வந்து, கெலவரப்பள்ளி அணைக்குள் நுழைந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் எல்லாம் தாண்டிக் கடலூரில் கடலைச் சேர்கிறது. கெலவரப்பள்ளித் தண்ணீரில் சில சமயம் வெள்ளையாக நுரை பொங்குவதை உன் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று எட்டாம் வகுப்பில் கேட்டுப் பார். பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் தண்ணீர் எங்கே வடிகிறது என்று ஆற்றின் போக்கில் மேலேறித் தேடட்டும். நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு மாநில எல்லை தெரியாது என்பதை அந்தத் தேடலிலேயே அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பத்தாம் வகுப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். பரீட்சை பரீட்சைதான். வீட்டில் முதல் முதலாகப் படிக்கிற பிள்ளைக்கு மேப் கேள்வியில் விழும் ஒவ்வொரு மார்க்கும் பெரிது. ஒன்று மட்டும் செய். ஊர்களைக் குறிக்க விடாதே, முதலில் மலையும் ஆறும் போடட்டும். நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி கை பழகிவிட்டால் ஊர்கள் தானாக அதன் கரையில் போய் உட்காரும். புள்ளி புள்ளியாக மனப்பாடம் செய்தவர்கள் பரீட்சை மண்டபத்தில் மறந்துபோனதை நிறைய பார்த்துவிட்டேன்.

அப்புறம் பருவங்கள். சூரியன் பக்கத்தில் வருவதால்தான் கோடை என்று முக்கால்வாசிப் பிள்ளைகள் மனதுக்குள் வைத்திருப்பார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். மார்கழியில் நாம் போர்த்திக்கொண்டு கிடக்கும் ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு ரொம்பப் பக்கம், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் நில். அவர்களே பூமியின் அச்சுச் சாய்வைத் தேடி வருவார்கள்.

ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நீ கொடுக்க வேண்டியது சந்தேகம். ஐந்து வருஷமாக வரைபடத்தை நம்பச் சொன்னோம், இனி அதைக் கேள்வி கேட்கச் சொல்ல வேண்டும். சுவர்ப்படம் சிலவற்றில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு விரிந்து கிடக்கும். நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு. உருண்டையைத் தட்டையாக்கினால் எங்காவது இழுத்தாக வேண்டும். ஒரு ஆரஞ்சுத் தோலை மேஜையில் அழுத்திக் காட்டு. இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட், அதாவது மேடு பள்ளம், ஏரி, பாதை எல்லாம் காட்டும் வரைபடத் தாள், கிடைத்தால் விடாதே. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், பழுப்பில் சம உயரக் கோடுகள். ஓரத்தில் அச்சிட்ட வருஷத்தை முதலில் பார்க்கச் சொல். அந்தத் தாளில் இருக்கிற ஏரி இப்போது அந்த இடத்தில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். செய்முறைக் குறிப்பேட்டில் எழுதுவது பிறகு.

சரி, இப்போது நான் படுக்கையில் கிடந்து கண்டுபிடித்ததைச் சொல்கிறேன்.

நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.7 டிகிரி. நீ இருக்கும் ஓசூர் 12.7. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கக்கோட்டில் இருக்கின்றன, நமக்கு நடுவே நாலு டிகிரிதான். நாட்டை அளக்க வந்த லாம்ப்டன் என்ற வெள்ளைக்காரர் 1802-ல் பரங்கிமலையில் அடிக்கோடு போட்டார். அவர் தொடங்கிய அளவையில், பூமியின் வளைவை அளக்கக் குமரியில் இருந்து வடக்கே நீளும் பெரிய வில் இந்த 78-ஆம் தீர்க்கக்கோட்டை ஒட்டித்தான் போகிறது. அவர் கோணம் அளக்கும் கருவியான அரை டன் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு செய்ததை நாம் ஆளுக்கொரு கம்பை வைத்துச் செய்யலாம்.

ஆகஸ்ட் 19 வாக்கில் உச்சிவேளையில் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே வரும். அன்றைக்கு ஆறாம் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப்போ. கம்பின் நிழல் காணாமல் போவதைப் பார்க்கட்டும், அதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் சொல்லாதே. ஒன்பதாம் வகுப்பு கடிகாரத்தைப் பார்க்கட்டும். நிழல் மறைவது பன்னிரண்டுக்கு இருக்காது, 12.20 தாண்டியிருக்கும். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கக்கோட்டுக்கு ஓடுகிறது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம், டிகிரிக்கு நாலு நிமிஷம். கணக்கை அவர்களே போடுவார்கள்.

அதே நேரத்தில் நான் இங்கே மாடியில் ஒரு மீட்டர் கம்பு நட்டிருப்பேன். இங்கே சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போயிருக்கும், நிழல் தெற்கே ஏழு சென்டிமீட்டர் விழ வேண்டும். போனில் அளவைச் சொல்கிறேன். உன் ப்ளஸ் ஒன் பிள்ளைகள் அளவுக்கு வரைந்து கோணமானியை வைத்தால் நாலு டிகிரி வரும். வட்டத்தில் தொண்ணூற்றில் ஒரு பங்கு. தெற்கு வடக்காக நமக்கு நடுவே சுமார் 445 கிலோமீட்டர். தொண்ணூறால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு, நாற்பதாயிரம் கிலோமீட்டர் வந்துவிடுகிறது. கொஞ்சம் கூடக் குறைய வரும். எங்கே பிசகியது என்று அவர்களே தேடட்டும்.

மேகம் மூடினால் கவலைப்படாதே, மறுநாள் செய்வோம். இரண்டு பேரும் ஒரே நாளில் அளந்தால் போதும், நடுவில் இருக்கும் நாலு டிகிரி மாறாது. உங்களுக்கும் கொஞ்சம் நிழல் விழும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல். கம்பு சாயாமல் நிற்கிறதா என்று நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்.

அப்பா இப்போதே துணிக்கயிற்றை ஓரமாக நகர்த்திவிட்டு இடம் பிடித்துவிட்டார். அன்றைக்கு உனக்கு ஐந்தாம் பீரியடு எந்த வகுப்பு என்று பார்த்துச் சொல்.

அன்புடன்
அம்மா