எள்ளை விலக்கிவைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் ஏழு வயது மகளுக்கு எள் ஆகாது. ஒரு கவளம் புளியோதரை அவளுடைய மூச்சையே அடைத்துவிடும் அளவுக்கு ஆகாது. இட்லிப்பொடி முதல் ஊறுகாய் வரை நல்லெண்ணெய் இல்லாமல் எதுவும் இறங்காத மயிலாப்பூரில் அவளை இதுவரை வளர்த்துவந்ததில் பலருக்குப் பங்கு உண்டு. ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்ல வார்த்தை வராமல் போனதால் இந்த மடல்.

கடந்த தை மாதம் ஒரு திருமண மண்டபத்தில், பரிமாறியவரிடம் இருமுறை கேட்டு, எள் இல்லை என்ற பதிலைப் பெற்ற பின்பே அவளுக்குப் புளியோதரை வைத்தோம். வறுத்துப் பொடித்துச் சேர்த்திருந்த எள் அவர் கணக்கில் வரவில்லை போலும். பத்து நிமிடத்திற்குள் உதடு வீங்கி, உடலெங்கும் தடிப்பு எழும்பி, குரல் கம்மியது; எங்கள் கைப்பையில் இருந்ததோ அரிப்புக்கான சிரப் மட்டுமே. வாசலில் வேறொரு சவாரிக்காகக் காத்திருந்த ஆட்டோ ஓட்டுநர் குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பிவிட்டார். லஸ் முனை நெரிசலில் சிக்காமல் சந்துகள் வழியே மருத்துவமனை சேர்த்தவர், "காசெல்லாம் வேணாம் சார், பாப்பா எப்படி இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்று தம் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, எங்கள் எண்ணையும் வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் மறந்துவிட, இரவு அவரே அழைத்து விசாரித்தார்.

அன்று பணியிலிருந்த இளம் மருத்துவர், பதிவுச்சீட்டு வரும்வரை காத்திராமல், கடும் ஒவ்வாமைக்கான மருந்தாகிய அட்ரினலினைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் செலுத்தினார். அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து மீண்டும் தலைதூக்கக்கூடும் என்று விளக்கி, இரவு முழுவதும் அவளைக் கண்காணிப்பில் வைத்திருந்தார். அரிப்பு சிரப் தடிப்பைக் குறைக்குமே தவிர, மூச்சுக்குழல் அடைப்பதையோ இரத்த அழுத்தம் சரிவதையோ தடுக்காது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

பேனா வடிவ அட்ரினலின் ஊசி நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே ஒவ்வாமை மருத்துவர், கண்ணாடிக் குப்பியை உடைத்து மருந்தை ஊசிக்குழலில் உறிஞ்சும் முறையை எங்களுக்குப் பொறுமையாகப் பழக்கினார். 20 கிலோ எடைக்கு 0.2 மி.லி. என்று அவர் எழுதித் தந்த சீட்டு மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டப்பட்டிருக்கிறது. வகுப்பாசிரியை, தாமும் கற்க வேண்டும் என்று வற்புறுத்தி, வெறும் தண்ணீரை வைத்து அதே அளவை உறிஞ்சிப் பழகினார். கை நடுங்குகிறது என்று ஒப்புக்கொண்டபடியே அவர் மறுபடி மறுபடி செய்ததை நாங்கள் மறக்க மாட்டோம்.

பொட்டல உணவில் வேர்க்கடலை, பால், முட்டை, சோயா போன்றவை இருந்தால் ஒவ்வாமைப் பொருளென அறிவிக்க வேண்டும் என்கின்றன நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு விதிகள். அப்பட்டியலில் எள் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளையும் அறிவித்தாக வேண்டும். இங்கே பொட்டலத்திலாவது உட்பொருள்களைப் படித்துப் பார்க்கலாம், நிறுத்து வாங்கும் முறுக்கில் எதைப் படிப்பது? எங்கள் தெருமுனைப் பலகாரக் கடைக்காரர், வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று, "ஒரே எண்ணெய்ச் சட்டிதான், பாப்பாவுக்கு வாங்காதீங்க" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். அந்த நேர்மைக்குத் தனி நன்றி.

மூன்றாம் மாடி மாமிக்கு முதலில் நம்பிக்கை இல்லை. "கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தா பழகிடும்" என்றுதான் சொல்லிவந்தார். எங்களுக்கு வருத்தமும் இருந்தது. மருத்துவமனையில் அவளைப் பார்த்துவிட்டுப் போனவர், செக்கு நல்லெண்ணெயில் எள்ளின் புரதம் தங்கியிருக்கும் என்பதைத் தம் மருமகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கோகுலாஷ்டமிக்குப் புது வாணலி வாங்கி, தேங்காய் எண்ணெயில், எள் தூவாத சீடையும் தட்டையும் முதலில் எங்களுக்கென்று சுட்டுவிட்டுத்தான் மற்றதற்கு மாவு பிசைந்தார். மாமி, உங்கள் எவர்சில்வர் தூக்கு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று உங்கள் தோழியான எங்கள் மகள் பிடிவாதமாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளே ரவா லாடு பிடித்து நிரப்பிக்கொண்டு வருவாள்.

நன்றியுடன்,
அவளுடைய அப்பாவும் அம்மாவும்