வாசோபிரஸின் பாடத்தை எங்கிருந்து தொடங்கலாம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. ஹார்மோன்கள் பாடத்தை இந்த ஆண்டு முதல் நீ எடுக்கப்போகிறாய் என்பதில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி. வாசோபிரஸினை எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். ஏற்பிகளிலிருந்து, அதாவது செல்லில் ஹார்மோன் வந்து பொருந்தும் புரதங்களிலிருந்து தொடங்கு என்பேன். ஹார்மோன் என்னவோ ஒன்பது அமினோ அமிலங்களாலான சின்னஞ்சிறு மூலக்கூறுதான். அவற்றில் இரண்டை மாற்றினால் ஆக்ஸிடோசின் ஆகிவிடும். அதே மூலக்கூறு ஓரிடத்தில் நீரைத் தேக்குகிறது, ஓரிடத்தில் ரத்தக்குழாயை இறுக்குகிறது, மூளையில் போய் துணையோடு ஒட்டிக்கொள்ளச் செய்கிறது. எந்த ஏற்பி எந்தச் செல்லில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வேலையைத் தீர்மானிக்கிறது. மாணவர்கள் இதைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வந்துவிடும்.

சிறுநீரகத்தில் இருப்பது வி2 ஏற்பி. சேகரிப்பு நாளச் செல்களில் ஹார்மோன் அதைத் தொட்டதும், செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு கூடுகிறது. செல்லுக்குள் சிறு பைகளில் காத்திருக்கும் அக்வாபோரின்-2 என்ற நீர்க்கால்வாய்கள் சில நிமிடங்களில் மேற்சவ்வுக்கு வந்து பொருந்துகின்றன. ஹார்மோன் குறைந்தால் திரும்ப உள்ளே போய்விடும். அதனால்தான் நம் சிறுநீரின் அடர்வு 50 மில்லி ஆஸ்மோலிலிருந்து 1200 வரை ஏறி இறங்க முடிகிறது. இங்கே பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. வாசோபிரஸின் நீரை இழுப்பதில்லை. வழியை மட்டும் திறந்துவிடுகிறது. இழுப்பது சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவில் சேர்ந்திருக்கும் உப்பும் யூரியாவும். பல மாதங்களாக அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்துவருபவருக்கு அந்தச் சேமிப்பு கரைந்துபோயிருக்கும். அவருக்கு டெஸ்மோபிரஸின் (வாசோபிரஸினைச் சற்று மாற்றிச் செய்த மருந்து) கொடுத்துச் சோதித்தாலும் சிறுநீர் முழுதாக அடர்த்தியாகாது. ஏற்பியில்தான் கோளாறு என்று தவறாக எழுதிவிடுவார்கள்.

எப்போது சுரக்கிறது என்பதற்கு இரண்டு எண்களைச் சொல். ரத்தத்தின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது அதில் கரைந்திருப்பவற்றின் அடர்வு, ஏறத்தாழ 280 முதல் 285 மில்லி ஆஸ்மோலைத் தாண்டினால் சுரப்பு தொடங்கும். அதன்பின் ஒரு சதவீத மாற்றமே போதும். ரத்தத்தின் கனஅளவு குறைந்து சுரக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட பத்து சதவீதம் குறைய வேண்டும். ஆனால் அப்படிக் குறைந்துவிட்டால் உடல் அடர்வைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிடுகிறது. இதயச் செயலிழப்பிலும் கல்லீரல் சுருங்கியவர்களிடமும் சோடியம் தாழ்ந்திருந்தும் வாசோபிரஸின் கொட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

குமட்டல், வலி இவற்றையும் சேர்த்துக்கொள். குமட்டல் மிக வலுவான தூண்டல். அறுவைச் சிகிச்சை முடிந்து வலியோடும் குமட்டலோடும் படுத்திருக்கும் குழந்தைக்கு உப்புக் குறைந்த திரவத்தை ரத்தக்குழாயில் ஏற்றினால், வெளியேற வேண்டிய நீர் உள்ளேயே தங்கிச் சோடியம் சரிந்து மூளை வீங்கும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

வகுப்பில் அதிக நேரத்தை டெஸ்மோபிரஸினுக்கு ஒதுக்கு. இயற்கை ஹார்மோனின் அரை ஆயுள் 10 முதல் 20 நிமிடம். முதல் அமிலத்தில் அமினோ தொகுதியை நீக்கி, எட்டாவதாக நிற்கும் ஆர்ஜினைனை அதன் கண்ணாடி பிம்பமாக மாற்றியதும் மருந்து பல மணி நேரம் நிற்கிறது. பெரும்பாலும் வி2ஐத்தான் தொடுகிறது, ரத்த அழுத்தத்தை ஏற்றுவதில்லை. ஆனால் ரத்தம் நீர்த்துப்போனதும் நம் மூளை சுரப்பை நிறுத்துமே, அந்த நிறுத்தம் மாத்திரைக்குக் கிடையாது. நோயாளி எவ்வளவு குடித்தாலும் அது 'தேக்கு, தேக்கு' என்றே சொல்லும். படுக்கையில் சிறுநீர் போகும் குழந்தைக்கு இரவில் 0.2 மில்லிகிராம் கொடுத்தால், அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரை நீர் அருந்துவதைக் கட்டுப்படுத்த வேண்டும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் அன்று மாத்திரையே வேண்டாம்.

வாசோபிரஸின் சுரக்காதவருக்கோ விதி தலைகீழ். அவருக்கு மருந்தை நிறுத்தினால் சில மணி நேரத்தில் லிட்டர் கணக்கில் நீர் போய்ச் சோடியம் எகிறும். இந்த நோயின் பழைய பெயர் டயாபடிஸ் இன்சிபிடஸ். பெயரைப் பார்த்து நீரிழிவு என்று நினைத்து, சர்க்கரையை மட்டும் அளந்துவிட்டு டெஸ்மோபிரஸினைத் தராமல் விட்டதால் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் உண்டு. அதனால்தான் 2022இல் வாசோபிரஸின் குறைபாடு, வாசோபிரஸின் எதிர்ப்பு (ஹார்மோன் இருந்தும் சிறுநீரகம் இணங்காத நிலை) என்று பெயரை மாற்றினார்கள். இதைப் பரீட்சைக்கான தகவலாக விட்டுவிடாதே.

இன்னொரு கண்ணி: டெஸ்மோபிரஸின் எடுப்பவரின் சோடியம் ஆபத்தாகச் சரிந்துவிட்டால் மருந்தைச் சட்டென்று நிறுத்தத்தான் கை போகும். நிறுத்தினால் தேங்கிய நீர் ஒரே பாய்ச்சலாக வெளியேறி, சோடியத்தின் ஏற்றம் 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிமோல் என்ற எல்லையைத் தாண்டிவிடும். மூளையில் நரம்புறை சிதையும். மருந்தைத் தொடர்ந்துகொண்டே 3 சதவீத உப்புநீரை அளந்து ஏற்றுவதுதான் பாதுகாப்பு.

அடுத்த ஏற்பியான வி1ஏ ரத்தக்குழாய்களில் இருக்கிறது. தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு நார்அட்ரினலினோடு நிமிடத்துக்கு 0.03 யூனிட் சேர்ப்பார்கள். 0.04ஐத் தாண்டினால் விரல்களுக்கும் குடலுக்கும் ரத்தம் போகாமல் கருகும் ஆபத்து உண்டு. மூன்றாவது ஏற்பியான வி1பி, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் முன்மடலில் இருந்து, அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஹெச் ஹார்மோனைச் சுரக்க உதவுகிறது. மூளையில் நினைவுக்கான ஹிப்போகாம்பஸில் சிஏ2 என்ற பகுதியிலும் உண்டு. வி1பியை நீக்கிய சுண்டெலிகளுக்கு ஆவேசம் குறைந்து, சக எலியை நினைவில் வைப்பதும் தடுமாறுகிறது.

நடத்தைக்கு வோல் எலிகளைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பிரெய்ரி வோல் ஒரே துணையோடு வாழ்வது. மெடோ வோல் அப்படியல்ல. வி1ஏ ஏற்பி மூளையில் எங்கே அடர்ந்திருக்கிறது என்பதில் இரண்டும் வேறுபடுகின்றன. 1993இல் வந்த ஆய்வில், ஆண் பிரெய்ரி வோலுக்கு இணைசேரும் முன் வி1ஏவைத் தடுத்தபோது துணைப்பற்று உருவாகவில்லை. வாசோபிரஸினை மூளையில் செலுத்தியபோது இணைசேராமலே உருவாயிற்று. 2004இல் மெடோ வோலின் மூளையில் வென்ட்ரல் பாலிடம் என்ற பகுதியில் வைரஸ் மூலம் இந்த ஏற்பி மரபணுவைக் கூட்டினார்கள். அந்த ஆண் எலிகள் துணையை விரும்பித் தேடின. ஹார்மோனைத் தொடாமல் ஏற்பியை மட்டும் மாற்றியதற்கே இந்த விளைவு!

ஆனாலும் 'காதல் ஹார்மோன்' என்று மட்டும் சொல்லிவிடாதே. துணையோடு ஒட்டவைக்கும் அதே வாசோபிரஸின்தான் அந்நிய எலியைக் கடிக்கவும் வைக்கிறது. 2022இல் சிரியன் வெள்ளெலிகளில் வி1ஏ மரபணுவை கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறை கொண்டு நீக்கினார்கள். சமூக நடத்தை குறையும் என்று எதிர்பார்த்தால், கூடிவிட்டது. ஆவேசமும் சேர்ந்து கூடியது. மனிதர்களிடம் ஆட்டிசத்துக்காக வி1ஏவைத் தடுக்கும் பாலோவாப்டானைப் பெரிய சோதனைகளில் கொடுத்துப் பார்த்தார்கள், பயன் தெரியவில்லை. எலியிலிருந்து நேரே மனிதனுக்குக் கோடு போட முடியாது என்பதை மாணவர்கள் முதல் நாளே கேட்கட்டும்.

பாடக்குறிப்பு எழுதியதும் எனக்கு அனுப்பு. டெஸ்மோபிரஸினை யாருக்கு நிறுத்தலாம், யாருக்குக் கூடாது என்ற பக்கத்தை மட்டும் நாம் இருவரும் ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
முத்து